ஸ்டீவ் நாஷின் 18 பருவங்களும் எங்கள் மட்டக்களப்புக் கோட்டும்

கூடைப்பந்துப் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளிடம் யாருடைய ஆட்டம் பிடிக்கும் என்று கேட்டால் அநேகமானோர் ஸ்டீபன் கரி என்பார்கள், மற்றவர்கள் லெப்ரோன் ஜேம்ஸ் என்பார்கள். நல்லது, எனக்கும் இரண்டு பேரையும் பிடிக்கும். ஆனால் ஒரு பிள்ளை உண்மையிலேயே பழக வேண்டும் என்று வந்து நின்றால் நான் முதலில் பார்க்கச் சொல்வது ஸ்டீவ் நாஷைத்தான். அவர் ஓய்வுபெற்றது 2015 இல். இப்போதைய பிள்ளைகளுக்குப் பெயரே தெரியாது. “ஆர் சேர் அது?” என்று கேட்பார்கள். யூடியூப்பில் தேடிப் பார்த்துவிட்டு மறுநாள் வந்து, “டங்க் ஒன்றும் அடிக்கிறார் இல்லையே சேர்” என்பார்கள், எம்பிக் குதித்துப் பந்தை ரிங்குக்குள் திணிப்பதைத்தான் சொல்கிறார்கள். அதற்காகத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

லெப்ரோனின் உடம்பை யாரும் பழகி எடுக்க முடியாது, அது பிறப்பில் வந்தது. கரி வீசுகிற தூரத்திலிருந்து வீச பதின்மூன்று வயதுக் கைக்குப் பலம் போதாது, பிள்ளைகள் அதை முயன்று இடுப்பிலிருந்து பந்தை எறியப் பழகி, வீச்சையே கெடுத்துக்கொண்டு வருகிறார்கள். நாஷ் செய்தவற்றில் பெரும்பங்கு அப்படியில்லை. கோட்டும் பந்தும் நேரமும் இருந்தால் யாரும் எடுத்துப் பழகலாம். நான் எடுத்துப் பழகினேன், இப்போது பழக்குகிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாக: பாடசாலைக் காலத்திலிருந்து போயின்ட் கார்ட், பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிற ஆள். பிறகு கொழும்பில் வேலை செய்தபோது வேலையிட அணிக்கு ஆடினேன், சுனாமிக்குப் பிறகு வீட்டாரோடு இருக்க வேண்டும் என்று ஊருக்கு வந்து இங்கே கிளப்பில் ஆடினேன். இலங்கையில் கூடைப்பந்தை மட்டும் நம்பிச் சீவிக்க முடியாது, வேலை ஒன்று வேண்டும், ஆட்டம் அதோடு சேர்ந்து ஓடும். நான் ஊருக்குத் திரும்பிய அந்தப் பருவம்தான், 2004–05, நாஷ் டலஸ் அணியை விட்டு பீனிக்ஸ் சன்ஸுக்குத் திரும்பி அதிசிறந்த ஆட்டக்காரர் விருதை முதன்முறை வாங்கிய பருவம். பீனிக்ஸில் இரவு ஆட்டம் என்றால் நமக்கு விடிந்து காலை. கூட்டாளி ஒருவன் வீட்டில் கேபிள் இருந்தது, வேலைக்குப் போகும் வழியில் அங்கே இறங்கி, சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு, முதல் இரண்டு குவார்ட்டரையாவது பார்த்துவிட்டுத்தான் போவேன்.

மட்டக்களப்புக்கும் இந்த விளையாட்டுக்கும் உள்ள தொடர்பு தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அமெரிக்காவின் தெற்கிலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகள்தான் இந்த ஊரில் கூடைப்பந்தை ஊன்றியவர்கள். வெபர் மைதானம் என்று நாம் சொல்வது அவர்களில் ஒருவரான வெபர் அடிகளாரின் பெயரில்தான். லூசியானாவில் பிறந்த ஹேபர்ட் அடிகளார் புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளைத் தலைமுறையாகப் பழக்கினார். 1990 ஆகஸ்ட் 15 ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வருகிற வழியில் காணாமல் போனவர் இன்றுவரை திரும்பவில்லை. எனக்குப் பழக்கியவர் அவரிடம் பழகியவர். மார்புக்கு நேரே பாஸ், இரண்டு காலையும் சேர்த்து நிறுத்தல், இடக்கையால் லே-அப் (ரிங்குக்குக் கிட்டப் போய்ப் போடுவது) என்று அலுக்கும் வரை செய்ய வைப்பார், சின்ன வயதில் ஏன் இவ்வளவு என்று தோன்றும். பிறகு நாஷைப் பார்த்தபோது அதே பாடங்களை உலகத்தின் மிகப் பெரிய மேடையில் ஒருவர் செய்து காட்டிக்கொண்டிருந்தார்.

நாஷின் உயரம் 6 அடி 3 அங்குலம் என்று போட்டிருக்கும். அந்த உயரத்தில் இங்கே ஒரு பெடியன் வந்தால் கேட்டுக் கேள்வி இல்லாமல் ரிங்குக்குக் கீழே நிறுத்திவிடுவோம். அமெரிக்காவின் தொழில்முறைத் தொடரான என்.பி.ஏ.யில் அது கட்டை. இதை நான் பெற்றோருக்கும் பயிற்றுநர்களுக்கும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: பதின்மூன்று வயதில் வளர்ந்து நிற்கிற பிள்ளைக்கும் பந்து தட்டப் பழக்குங்கள், அவன் அதற்கு மேல் வளராமல் போனால் அவனுக்கு வேறொன்றும் தெரியாமல் போய்விடும். இன்னொன்று, பந்தும் ரிங்கும். பன்னிரண்டு வயதுக்குக் கீழே 5 ஆம் இலக்கப் பந்து போதும், முடிந்தால் ரிங்கை 3.05 மீற்றரிலிருந்து 2.60க்கு இறக்குங்கள். பெண்பிள்ளைகள் வளர்ந்த பிறகும் 6 ஆம் இலக்கம்தான். பெரிய பந்தைக் கொடுத்து “பலமாப் போடு மனே” என்று கத்துவதால் பிள்ளை பழகுவது தோளைக் கோணுவதை மட்டுமே.

1974 இல் தென்னாபிரிக்காவின் ஜொகன்னஸ்பேர்க்கில் பிறந்து கனடாவின் விக்டோரியா நகரில் வளர்ந்தவர் நாஷ். அப்பா உதைபந்தாட்டக்காரர். மகனும் முதலில் ஓடியது உதைபந்தின் பின்னால்தான், கூடைப்பந்தைக் கையில் எடுத்தது பன்னிரண்டு பதின்மூன்று வயதில். அவருடைய பாஸ்களைப் பார்த்தால் அந்த உதைபந்துக் கண் தெரியும், ஆள் நிற்கிற இடத்துக்கு அல்ல, போகப்போகிற இடத்துக்குப் பந்து போகும். அதனால் கல்லடிக் கடற்கரையில் பந்து உதைக்கிற பிள்ளையிடம் அதை விட்டுவிட்டு வா என்று நான் சொல்வதில்லை. ஆடட்டும், கால் பழகும், கண் பழகும்.

அவர் கதையில் எங்கள் பிள்ளைகளுக்கு மிக நெருக்கமாக நான் காண்பது பாடசாலை முடிந்த அந்த ஆண்டு. நல்ல ஆட்டக்காரர், ஆனால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கண்ணில் படாத ஒரு மூலையில் இருக்கிறார். அவருடைய பாடசாலைப் பயிற்றுநர் 30க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களுக்குக் கடிதமும் வீடியோவும் அனுப்புகிறார். இடம் கொடுக்க முன்வந்தது ஒன்றே ஒன்று, கலிபோர்னியாவில் சாண்டா கிளாரா. அது போதுமாக இருந்தது. 1993 இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் தேசியத் தொடரில், 15 ஆம் நிலையில் இருந்த சாண்டா கிளாரா, 2 ஆம் நிலையில் இருந்த அரிசோனாவை 64க்கு 61 என்று தோற்கடித்தது. கடைசி 30 வினாடிக்குள் தொடர்ந்து ஆறு ஃப்ரீ த்ரோக்களை, அதாவது எதிரணி தவறு செய்ததற்குக் கிடைக்கும் தனி வீச்சுகளை, போட்டது முதலாம் ஆண்டு மாணவன் நாஷ்.

எழுதிப் போடுவதும் ஒரு வேலை என்று இதிலிருந்து எடுத்துக்கொண்டேன். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நன்றாக ஆடுகிற பிள்ளை இருக்கிறது, கொழும்பிலோ கண்டியிலோ யாருக்கும் தெரியாது. சரி, தெரியப்படுத்த வேண்டும். இப்போது கையில் போன் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் எடுக்கிற வீடியோவில் கூடை விழுகிற துண்டுகளை ஒட்டி, மேலே பாட்டு ஒன்றைப் போட்டிருப்பார்கள், அதை ஒரு பயிற்றுநர் அரை நிமிடத்துக்கு மேல் பார்க்க மாட்டார். நான் சொல்வது இதுதான்: நடுக்கோட்டுக்கு நேரே, கொஞ்சம் உயரத்தில், கதிரையின் மேலோ மதிலிலோ போனை வைத்து ஒரு முழு ஆட்டத்தையும் எடுங்கள். பந்து கையில் இல்லாத நேரத்தில் பிள்ளை என்ன செய்கிறது என்பதும் தெரிய வேண்டும். எந்தச் சட்டை இலக்கம், என்ன வயது, எந்த இடத்தில் ஆடுகிறவர், உயரம் எவ்வளவு என்று ஆரம்பத்தில் எழுதுங்கள். பிறகு ஒரு இடத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல் தெரிந்த எல்லா இடத்துக்கும் அனுப்புங்கள். எங்கள் பிள்ளை ஒருவன் இப்படித்தான் கொழும்பில் வேலையோடு சேர்ந்த அணி ஒன்றில் இடம் பெற்றான். பதில் எழுதாதவர்கள்தான் அதிகம், பதில் எழுதியவர்கள் அந்த முழு ஆட்டத்தை உட்கார்ந்து பார்த்திருந்தார்கள்.

1996 இல் என்.பி.ஏ. அணிகள் புதிய ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தெரிவு செய்த டிராஃப்டில் சன்ஸ் அணி நாஷை 15 ஆவதாக எடுத்தபோது அந்த ஊர் ரசிகர்களே கூச்சலிட்டு எதிர்த்தார்கள். முதல் இரண்டு ஆண்டும் பெரும்பாலும் பெஞ்சில், முன்னால் கெவின் ஜோன்சன், ஜேசன் கிட் போன்றவர்கள். 1998 இல் டலஸ். அங்கே டர்க் நோவிட்ஸ்கியோடு சேர்ந்துதான் தலை நிமிர்ந்தார். விருதுகள் 2005, 2006 இல் வந்தபோது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. எங்கள் ஊரில் இருபது வயதில் வராதவனை இனி வர மாட்டான் என்று எழுதிவிடுகிறோம். அதற்கு முதலே, சாதாரண தர வகுப்பு தொடங்கியதும் டியூஷனுக்கென்று பிள்ளை காணாமல் போய்விடுகிறது. படிப்பு வேண்டாம் என்று நான் எந்தத் தாயிடமும் சொல்லவில்லை. கிழமையில் இரண்டு பின்னேரம் விடுங்கள் அக்கா, பரீட்சைக்கு முந்திய மாதம் அதையும் நிறுத்துகிறேன், கை விட்டுப் போகாமல் இருக்க அது போதும் என்று வீட்டுக்கே போய்க் கேட்கிறேன். பெரும்பாலும் விடுகிறார்கள். கேட்க ஆள் வந்ததே பெரிது என்று சில வீட்டில் தேநீரும் கிடைக்கிறது.

இனி ஃப்ரீ த்ரோ. இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குத் தீராது. போர்டிலிருந்து 4.6 மீற்றரில் கோடு. முன்னால் தடுக்க ஆளில்லை, ஓட வேண்டியதில்லை, உயரம் தேவையில்லை, ஐந்து வினாடி உங்களுடையது. நாஷ் தன் என்.பி.ஏ. வாழ்க்கை முழுவதும் எடுத்தது 3384, போட்டது 3060. நூற்றுக்கு 90.4. அவர் ஓய்வுபெற்றபோது அதைவிட நல்ல விகிதம் வைத்து ஓய்வுபெற்றவர் யாரும் இல்லை. தவறவிட்டது 324 தான், 18 பருவத்தில்.

ஒரு பருவத்தில் மொத்த வீச்சில் 50 வீதம், மூன்று புள்ளியில் 40, ஃப்ரீ த்ரோவில் 90 என்ற மூன்றையும் ஒருசேரத் தாண்டுவதை அங்கே பெரிய மைல்கல்லாக வைத்திருக்கிறார்கள். நாஷ் நான்கு முறை தாண்டினார். 2006–07 இல் ஐந்தாவதும் வந்திருக்கும், ஆனால் ஃப்ரீ த்ரோ 89.9 இல் நின்றது. கூட்டிப் பாருங்கள், அந்தப் பருவத்தில் எடுத்தது 247, போட்டது 222. இன்னும் ஒன்று, ஒரே ஒன்று விழுந்திருந்தால் 90ஐத் தாண்டியிருக்கும். பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுவேன், ஏனென்றால் “ஒண்டுதானே சேர்” என்பதுதான் அவர்கள் வாயில் அடிக்கடி வருகிற சொல்.

மத்தியஸ்தர் பந்தைக் கொடுப்பதற்கு முன்பே நாஷ் வெறுங்கையால் வீசிப் பார்ப்பார், கவனித்திருக்கிறீர்களா? கோட்டில் நின்று, பந்து இல்லாமல், முழு அசைவையும் செய்வார். கைக்கு ஞாபகப்படுத்திவிட்டுத்தான் பந்தை வாங்குவார். எங்கள் பிள்ளைகள் எல்லாரும் இதைச் செய்கிறார்கள். செய்வதால் என்ன பலன் என்றால், பார்வையாளர் கத்துகிறார்களா, எத்தனை புள்ளி பின்னால் நிற்கிறோம் என்பதெல்லாம் மனதில் ஏறுவதற்கு இடமில்லாமல் போகிறது, ஒவ்வொரு முறையும் அதே அசைவு, அதே எண்ணிக்கை, அதே மூச்சு.

பழகுகிற முறையையும் மாற்றினோம். ஒரே இடத்தில் நின்று ஐம்பது வீசுவது கைக்கு நல்லது, ஆட்டத்துக்கு உதவாது. ஆட்டத்தில் யாரும் உங்களுக்கு ஐம்பது தரப்போவதில்லை, இரண்டு தருவார்கள், அதுவும் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது. அதனால் கோட் நீளம் போய் வந்து இரண்டு, பிறகு மறுபடி ஓடி வந்து இரண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொப்பி, போட்டதையும் விட்டதையும் அவர்களே எழுத வேண்டும். திறந்த கோட் என்பதால் வாவிப் பக்கத்துக் காற்று பின்னேரம் ஒரு பக்கம் தள்ளும். காற்று என்று சொல்லி எவரும் கொப்பியில் எழுதாமல் விடக்கூடாது, போட்டி நடக்கிற நாளிலும் அதே காற்றுதான்.

இடக்கை விஷயத்துக்கு வருகிறேன். நாஷ் வலக்கைக்காரர், ஆனால் இடக்கையால் போடுவதைப் பார்த்தால் எது எந்தக் கை என்று சந்தேகம் வரும். பல்கலைக்கழகத்தில் வகுப்புக்குப் போகும்போதெல்லாம் டெனிஸ் பந்தைத் தட்டிக்கொண்டே போவாராம். டெனிஸ் பந்து எங்கள் ஊரில் எந்த வீட்டில் இல்லை? தெருவில் கிரிக்கெட் அடிக்கிறதே அதால்தான். சின்னப் பந்தை இடக்கையால் தட்டிப் பழகினால் பெரிய பந்து தானாக அடங்கும். திருமலை வீதியில் வேண்டாம், பஸ் வருகிறது, வளவுக்குள் செய்யுங்கள்.

அப்புறம், ரிங்குக்குக் கீழே போய்ப் போட வழியில்லை என்றால் பெரும்பாலான பிள்ளைகள் பந்தைக் கையில் எடுத்துவிடுவார்கள். எடுத்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது, மூன்று பேர் சூழ்ந்து நிற்பார்கள். நாஷ் எடுக்க மாட்டார். தட்டிக்கொண்டே ரிங்குக்குக் கீழால் போய் மறுபக்கம் வெளியே வருவார், அதற்குள் யாரோ ஒருவர் தனியாக நிற்பார், பந்து அவரிடம் போய்விடும். அவர் கொடுத்த பாஸ்களால் நேரடியாக விழுந்த கூடைகள் 10,335, ஐந்து பருவத்தில் அந்தக் கணக்கில் முதலிடம். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் ஒரு தவணை முழுவதும் பழக்கினேன். எங்கள் சின்ன அணியின் ஆட்டம் மாறியதை வேறு பாடசாலைப் பயிற்றுநர்கள் வந்து கேட்டார்கள்.

இப்போது முதுகு. நாஷை நான் நெஞ்சில் வைத்திருப்பதற்குக் காரணம் விருதுகளைவிட இதுதான்.

அவருக்கு ஸ்பொண்டிலோலிஸ்தெசிஸ் என்ற பிரச்சினை இருந்தது. முள்ளந்தண்டில் ஒரு என்பு அதற்குக் கீழுள்ள என்பின் மேல் முன்பக்கமாக நழுவி நிற்பது. முதுகு இறுகும், தொடையின் பின்தசை இறுகும், நரம்பு அழுத்தப்பட்டால் கால் வரை வலி இறங்கும். 2004 இல் டலஸ் அவருக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுக்கத் தயங்கியதற்கு இந்த உடம்பு தாங்குமா என்ற பயமும் ஒரு காரணம். அதற்குப் பிறகுதான் இரண்டு விருதும் வாங்கினார், 2004க்குப் பிறகு பத்துப் பருவம் ஆடினார். மாற்றி எடுக்கப்பட்டால் மற்றவர்களைப் போல அவர் பெஞ்சில் உட்கார மாட்டார், கோட்டின் ஓரத்தில் தரையில் மல்லாந்து படுத்துவிடுவார். உட்கார்ந்தால் முதுகு இறுகிப்போகும், திரும்ப இறங்கும்போது உடம்பு கேட்காது. உலகமே பார்த்துக்கொண்டிருக்கிற அரங்கில், கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிற ஆள், வெட்கப்படாமல் தரையில் படுத்திருப்பார்.

எனக்கும் முதுகு. சீமெந்துத் தரையில் ஆடி வளர்ந்தவர்களில் இது இல்லாதவர் குறைவு. குதித்து இறங்கும் ஒவ்வொரு முறையும் தரை எதையும் தாங்கிக்கொள்ளாது, எல்லாம் முழங்காலுக்கும் இடுப்புக்கும்தான் வரும். ஒரு காலத்தில் காலையில் குனிந்து சப்பாத்து நாடா கட்ட முடியாமல் இருந்தது, வலது காலில் மின்சாரம் மாதிரி இறங்கும். வைத்தியரிடம் காட்டி, அங்கிருந்து பிசியோதெரபிக்குப் போனபோது எனக்குச் சொல்லித் தந்தவர் ஒரு இளம் பிள்ளை. முதுகுக்கு மருந்து முதுகில் இல்லை அண்ணா, வயிற்றிலும் பின்புறத்திலும் இருக்கிறது என்றார். மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து இடுப்பை உயர்த்திப் பிடிப்பது, முழங்கையை ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி நேராக வைப்பது, நாலு காலில் நின்று எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது, இடுப்பின் முன்பக்கத் தசையை இழுத்து விடுவது. இவ்வளவுதான். ஒரு பாய் போதும், கருவி ஒன்றும் வேண்டாம். செய்தேன், மாதக்கணக்கில் ஒரு மாற்றமும் தெரியவில்லை, பிறகு ஒரு நாள் நாடா கட்டிக்கொண்டிருந்தேன். இப்போதும் விடிய எழும்பினால் முதல் வேலை அதுதான்.

கோட்டுக்கும் ஒரு பாய் கொண்டு போகத் தொடங்கினேன். மாற்றி எடுத்தால் பாயில் படுத்துவிடுவேன், நாஷிடமிருந்து நேராக எடுத்தது. அணியில் முதுகுவலி உள்ள இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் படுக்கத் தேவையில்லை, ஆனால் மாற்றி எடுத்ததும் குந்திக்கொண்டு போன் பார்க்க விடமாட்டேன், நிற்க வேண்டும், நடக்க வேண்டும், உடம்பு ஆறக்கூடாது. ஆட்டம் முடிந்து பத்து நிமிடம் தசை இழுத்து விடாமல் எவரும் சைக்கிள் எடுக்கக்கூடாது. அடித்தேய்ந்த சப்பாத்தோடு சீமெந்தில் ஆடாதீர்கள், புதிதாக வாங்கக் காசில்லை என்றால் உள்ளே போடுகிற மெத்தையையாவது மாற்றுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். முதுகுவலியோடு கால் மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ, சிறுநீர் மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இங்கே முதுகுவலி என்றால் முதலில் உருவிவிடத்தான் கூட்டிப் போவார்கள். என்ன பிரச்சினை என்று தெரியாமல் முள்ளந்தண்டை அமுக்க விடாதீர்கள்.

சாப்பாடும் சொல்ல வேண்டும். முப்பதுகளின் நடுவில் நாஷ் வெள்ளைச் சீனி சேர்த்த சாப்பாட்டை விட்டார். நாங்கள் சீனி போடாத தேநீர் குடிக்கிற ஆட்கள் இல்லை, அதை நான் யாரிடமும் பிடுங்கவில்லை. பயிற்சி முடிந்ததும் கலர்ச் சோடா குடிப்பதை மட்டும் நிறுத்தினோம். தண்ணீர், கிடைத்தால் இளநீர், அவித்த பயறோ கடலையோ, வாழைப்பழம். பெற்றோர் முறை வைத்துக் கொண்டுவருகிறார்கள். ஓகஸ்ட் வெயிலில் ஆடுகிற பிள்ளைக்குத் தாகம் எடுத்த பிறகு கொடுத்தால் போதாது, அதனால் முதல் விசிலுக்கு முன்பே குடிக்க வைக்கிறோம்.

நாஷ் கிண்ணம் வென்றதில்லை. இறுதித் தொடருக்குக்கூடப் போனதில்லை. சிலர் இதை ஒரு குறையாகச் சொல்வார்கள், எனக்கு அப்படித் தோன்றுவதில்லை, ஆனால் 2007 தொடரை மட்டும் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்வேன். சான் அன்டோனியோ அணிக்கு எதிரான அந்தத் தொடரின் முதல் ஆட்டத்தில் டோனி பார்க்கரோடு தலை மோதி மூக்கு வெடித்தது, இரத்தம் நிற்காததால் கடைசி நிமிடத்தில் அவர் வெளியே இருக்க வேண்டி வந்தது. நான்காவது ஆட்டம் முடியும் தறுவாயில் ரொபர்ட் ஹோரி அவரை இடித்து மேசைப் பக்கம் தள்ளினார். அதைப் பார்த்து ஆத்திரத்தில் பெஞ்சிலிருந்து எழும்பி வந்த அமாரே ஸ்டூடமையர், போரிஸ் டியாவ் இரண்டு பேருக்கும் ஒரு ஆட்டத் தடை. தள்ளியது மற்ற அணி, முக்கியமான ஐந்தாவது ஆட்டத்தில் ஆளில்லாமல் நின்றது சன்ஸ். அந்த ஆட்டமும் போனது, தொடரும் 4க்கு 2 என்று போனது. எங்கள் பக்கத்து ஆட்டங்களில் தள்ளுமுள்ளு வந்தால் பெஞ்ச் முழுவதும் கோட்டுக்குள் நிற்கும், பெரியவர்களும் சேர்ந்து. சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபீபாவின் சட்டத்திலும் சண்டை நேரத்தில் பெஞ்சை விட்டு உள்ளே வந்தவர் வெளியேற்றப்படுவார். அதனால் எங்கள் பெஞ்சில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். எது நடந்தாலும் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்த இடத்தில் இருப்பது. போனமுறை ஒரு போட்டியில் அது எங்கள் மூன்று பேரைக் காப்பாற்றியது.

2012 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணிக்குப் போனார். இரண்டாவது ஆட்டத்திலேயே, போர்ட்லண்டில், டேமியன் லில்லார்டோடு மோதிக் காலில் வெடிப்பு. எலும்பு பொருந்தியது, நரம்பு பொருந்தவில்லை. 2013–14 பருவம் முழுவதற்கும் 15 ஆட்டம்தான் ஆட முடிந்தது. அதில் ஒன்று 2014 பெப்ரவரி 7, அவருடைய நாற்பதாவது பிறந்தநாள், பிலடெல்பியாவில் 19 புள்ளி எடுத்தார். அடுத்த பருவம் ஒரு ஆட்டமும் இல்லை. 2015 மார்ச்சில் முடித்துக்கொண்டார், 2018 இல் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். இதில் நான் கவனித்தது வேறொன்று. ஆடிக்கொண்டிருக்கும்போதே, 2012 இல், கனடா ஆண்கள் அணியின் பொது முகாமையாளர் பொறுப்பை எடுத்திருந்தார். உடம்பு ஒரு கதவைச் சாத்துவதற்கு முன்பே மற்றக் கதவைத் திறந்து வைத்திருந்தார்.

இங்கே ஆடுகிறவர்கள் முப்பதைத் தாண்டினால் என்ன ஆகிறார்கள் என்று பாருங்கள். ஒரு காயம் வரும், அல்லது கலியாணம், அல்லது கட்டாருக்குப் பயணம், அதோடு கோட்டுப் பக்கமே வருவதில்லை. பதினைந்து இருபது வருடம் பழகியது அவர்களோடு போய்விடுகிறது, பின்னால் வருகிற பிள்ளைக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. அதனால் முப்பதை நெருங்குகிற எங்கள் ஆட்களிடம், ஆடிக்கொண்டிருக்கும்போதே ஏதாவது ஒன்றைத் தொடங்குங்கள் தம்பி என்கிறேன். புள்ளித்தாள் எழுதப் பழகுங்கள், மேசை வேலை செய்ய ஆளே இல்லை. மத்தியஸ்தர் பரீட்சைக்குப் படியுங்கள், சட்டப் புத்தகம் ஒன்றை ஒழுங்காக வாசித்தால் உங்கள் சொந்த ஆட்டமும் திருந்தும். அல்லது கிழமைக்கு ஒரு நாள் பத்து வயதுப் பிள்ளைகளை எடுங்கள். நான் முப்பத்திரண்டு வயதில் சின்னப் பிள்ளைகளை எடுக்கத் தொடங்கினேன், அதனால் ஆட்டம் நின்ற மாதத்தில் கோட்டுக்குப் போகாத கிழமை என்று ஒன்று எனக்கு இருக்கவில்லை.

எங்கள் கிளப்பில் ரிங்குக்குக் கீழே நின்று ஆடுகிற சென்டர் ஒருவர், முழங்கால் வீங்கி வீங்கி வற்றுகிற ஆள், போன வருடம் மத்தியஸ்தர் பரீட்சை எழுதினார். இப்போது பாடசாலை ஆட்டங்களில் விசில் அவர் வாயில்தான் இருக்கிறது. அப்பா மத்தியஸ்தராக நிற்கிற கோட்டில் ஆட மாட்டேன் என்று அவருடைய மகள் முதலில் அடம்பிடித்தாள். இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசி, அவள் அணியின் ஆட்டங்களுக்கு வேறு ஆளைப் போடுவது என்று முடிவு செய்தோம், அந்த வேறு ஆளை இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம். காத்தான்குடிப் பக்கமோ கல்முனைப் பக்கமோ முன்பு ஆடியவர்கள் இதை வாசித்தால், சனிக்கிழமை பின்னேரம் சட்டப் புத்தகம் வாசிக்கச் சேர்ந்துகொள்ளலாம்.